வான்கோழி பர்கர்: மாட்டிறைச்சி பர்கரின் இடத்தை நிரப்புமா? சட்டியில் வைத்துப் பார்த்த பதிவு

வான்கோழி பர்கரைப் பற்றிப் பேச்செடுத்தால் கேட்போர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். நன்றாகச் செய்தால் மாட்டிறைச்சி பர்கருக்கும் இதற்கும் வேறுபாடே தெரியாது என்பார்கள் ஒரு சாரார். உலர்ந்து சக்கையாக இருக்கும் இதைச் சாப்பிடுவதற்குப் பேசாமல் இருந்துவிடலாம் என்பார்கள் மறு சாரார். இரண்டு இறைச்சியையும் ஒரே அடுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல முறை சுட்டுப் பார்த்ததில், வேறுபாடு தெரியாது என்பது உண்மையல்ல என்றும், சுவையில்லை என்பதற்கான பழி பெரும்பாலும் இறைச்சியின் மீதல்லாமல் அதை வாங்கி, அரைத்து, சுடும் விதத்தின் மீதே விழ வேண்டும் என்றும் எனக்குத் தெளிவாயிற்று. எந்தப் படி என்ன மாற்றத்தைத் தந்தது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் எதையும் சேர்க்காமல், உப்பு மட்டும் தூவிச் சுட்டு ஒப்பிட்டேன். ஒரு பக்கம் 80 பங்கு கறியும் 20 பங்கு கொழுப்பும் கொண்ட, பர்கருக்கென்றே வழக்கமாக விற்கும் அரைத்த மாட்டிறைச்சி; மறுபக்கம் 93 பங்கு கறியும் 7 பங்கு கொழுப்பும் கொண்ட அரைத்த வான்கோழி. பச்சையாக 100 கிராம் எடுத்துக்கொண்டால் முதலாவதில் ஏறத்தாழ 250 கலோரியும் இரண்டாவதில் ஏறத்தாழ 150 கலோரியும் இருக்கும். மாட்டிறைச்சியை விட்டுவிட்டு வான்கோழியின் பக்கம் வருவோரில் பலருக்கு இந்த வேறுபாடே காரணம் என்பதால், ஒப்பீட்டை இங்கிருந்து தொடங்குவதுதான் முறை. ஆனால் இந்த 100 கலோரி பெரும்பாலும் கொழுப்பிலிருந்து வருவது என்பதையும், பர்கரில் கடிக்கும்போது வாயில் வழியும் சாறு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு உருகிய கொழுப்பே என்பதையும் சேர்த்து நினைத்தால், சுட்டு எடுத்த இரண்டும் ஏன் அவ்வளவு வேறாக இருந்தன என்பது விளங்கும்.

அந்த முதல் ஒப்பீட்டில் வான்கோழி தோற்றது. தோற்ற விதம்தான் கவனிக்கத்தக்கது. மாட்டிறைச்சி வட்டு சட்டியில் பட்டதும் தன் கொழுப்பைத் தானே உருக்கி அதிலேயே பொரியத் தொடங்கியது. வான்கோழி வட்டின் அடியிலிருந்து வெளிறிய நீர் கசிந்து, சட்டியில் சிறு குமிழிகளாகக் கொதித்தது. அந்த நீர் வற்றும் வரை சட்டியின் சூடு முழுவதும் அதற்கே செலவானதால், மேற்பரப்பு பழுப்பேறாமல் சாம்பல் நிறத்தில் நின்றது. நீர் வற்றிப் பழுப்பேறத் தொடங்கிய வேளையில் உள்ளே வெந்து முடிந்து, அதையும் தாண்டியிருந்தது. பிட்டுப் பார்த்தால் துகள்கள் தனித்தனியாக உதிர்ந்தன. மென்றால் நாக்கில் மாவுத்தன்மை தட்டியது. பச்சை நீர் வெளியேறாமல் தடுப்பது, மேற்பரப்பை விரைவில் பழுப்பேற்றுவது, குறையும் கொழுப்பை ஈடுகட்டுவது ஆகிய மூன்றையும் சரிசெய்யாமல் மசாலாவைக் கூட்டிக்கொண்டே போவது பயனற்றது என்று இதிலிருந்து முடிவு செய்தேன்.

ஒப்பீட்டில் ஒரு நியாயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறை அரைத்த மாட்டிறைச்சிக்கு 71 டிகிரி செல்சியஸ் உள்வெப்பத்தையும், அரைத்த வான்கோழிக்கு 74 டிகிரியையும் பாதுகாப்பான அளவாகச் சொல்கிறது. முழுத் துண்டில் பெரும்பாலும் மேற்பரப்பில் மட்டும் இருக்கும் கிருமிகள், அரைக்கும்போது உட்புறம் முழுவதும் கலந்துவிடுவதே இந்தக் கண்டிப்புக்குக் காரணம். பறவை இறைச்சியில் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமியைக் குறித்த அச்சமும் கூடுதலாக உண்டு. நடைமுறையில் மாட்டிறைச்சி பர்கரைப் பலரும் 60 டிகிரியை ஒட்டி, நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுகிறார்கள். அந்தச் சாறு நிறைந்த வட்டை 74 டிகிரிக்கு வெந்த வான்கோழியோடு ஒப்பிட்டால் முடிவு போட்டிக்கு முன்பே தீர்மானிக்கப்பட்டதாகிவிடும். ஆகவே நான் மாட்டிறைச்சியையும் 71 டிகிரி வரை வேகவிட்டே ஒப்பிட்டேன். அப்படிச் செய்ததுமே இரண்டுக்குமான இடைவெளி கணிசமாகக் குறைந்தது. முழுவதும் வெந்த மாட்டிறைச்சியும் அப்படியொன்றும் சாறு சொட்டும் பண்டம் அல்ல.

அடுத்து இறைச்சியை மாற்றினேன். நெஞ்சுக்கறியை மட்டும் அரைத்து, கொழுப்பு ஏறக்குறைய இல்லாத நிலையில் விற்கப்படும் வகையைப் பர்கருக்கு எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து; அதைக் குழம்பிலோ வேறு ஈரமான சமையலிலோ சேர்த்தால் குறையொன்றுமில்லை, தனி வட்டாகச் சுட்டால் எந்த உத்தியும் அதைக் காப்பாற்றாது. 85 பங்கு கறியும் 15 பங்கு கொழுப்பும் கொண்ட வகை கிடைத்தால் அரைப்பதற்கான உழைப்பு மிச்சம். எனினும் இருப்பதிலேயே நல்ல பலனைத் தந்தது எலும்பு நீக்கிய தொடைக்கறியைத் தோலோடு வாங்கி வீட்டிலேயே அரைத்ததுதான். தொடை ஓயாமல் உழைக்கும் தசை என்பதால் அதில் மையோகுளோபின் என்னும் நிறமிப் புரதம் நெஞ்சுக்கறியைவிட மிகுதி. நிறம் சிவந்தும் இருக்கும், சுவையும் அடர்த்தியாக இருக்கும். காலின் கீழ்ப்பகுதியை இதற்கு எடுக்க வேண்டாம். வான்கோழியின் காலில் ஓடும் தசைநாண்கள் வயதேற ஏறச் சுண்ணம் படிந்து குச்சிபோல் விறைத்துவிடுவதால், ஒவ்வொன்றையும் இடுக்கியால் பிடித்து இழுத்து நீக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் அரைக்கும் இயந்திரத்தின் கத்தியில் சுற்றிக்கொள்ளும்.

அரைப்பதில் முக்கியமானது குளிர்ச்சி. பறவைக் கொழுப்பு மாட்டுக் கொழுப்பைவிட இளகியது. அறை வெப்பத்திலேயே மெத்தென்று ஆகிவிடும். கறி சூடேறியிருந்தால் கொழுப்பு துண்டுகளாக நிற்காமல் பசைபோல் தடவப்பட்டு, சட்டியில் வைத்த உடனே ஒரே மூச்சில் வழிந்தோடிவிடுகிறது. எனவே கறியை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, தோலைத் தனியாக இன்னும் சிறிதாக நறுக்கி, தட்டில் பரப்பி, ஓரங்கள் விறைத்து நடுவில் அழுத்தினால் மட்டும் சற்றே அமிழும் நிலை வரும்வரை உறைபெட்டியில் வைத்தேன். இயந்திரத்தின் கத்தியையும் துளைத்தட்டையும்கூட உள்ளே வைத்துக் குளிரவிட்டேன். துளை ஐந்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும் தட்டில் ஒரே முறை அரைத்தால் போதும். சரியாக அரைபட்ட கறி துளைகளிலிருந்து தனித்தனி இழைகளாக, வெள்ளையும் சிவப்பும் பிரிந்து தெரியும்படி விழும். இளஞ்சிவப்புக் களிபோல் வழிந்தால் உடனே நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் மறுபடி குளிரவைக்க வேண்டும். இயந்திரம் இல்லாதவர்கள் உறைந்த துண்டுகளைச் சிறிது சிறிதாக ஃபுட் பிராசஸரில் போட்டு, விட்டு விட்டு ஓட்டினாலும் ஏறத்தாழ இதே பலன் கிடைக்கும்.

நீரைத் தக்கவைக்க என்ன சேர்ப்பது என்பதில்தான் அதிக நேரத்தைச் செலவிட்டேன். புரத நார்கள் 60 டிகிரியைத் தாண்டிச் சூடேற ஏறச் சுருங்கித் தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றும். 74 டிகிரி வரை போயாக வேண்டிய கறிக்கு இது தவிர்க்க முடியாதது. பிழியப்படும் நீரைப் பிடித்துக்கொள்ள ஏதேனும் ஒன்று உள்ளேயே இருக்க வேண்டும். பாலில் ஊறவைத்துப் பிசைந்த பிரெட் இதற்கு நெடுங்காலமாகப் பயன்படும் வழி. மாவுப்பொருள் நீரை உறிஞ்சிக்கொள்வதோடு, புரத நார்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைவதையும் தடுக்கிறது. இதைச் சேர்த்த வட்டு உதிரவில்லை, கடிக்க மென்மையாகவும் இருந்தது. அளவு மிகுந்தால் மட்டும் பர்கர் என்பது போய்க் கட்லெட்டின் பதம் வந்துவிடுகிறது. 600 கிராம் கறிக்கு 30 கிராம் பிரெட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

காளானைப் பொடியாக நறுக்கி, எண்ணெயில் வதக்கி, நீர் முழுவதும் வற்றி அடிப்பிடிக்கத் தொடங்கும் கட்டத்தில் இறக்கி ஆறவைத்துச் சேர்த்தது வேறொரு காரணத்திற்காக எனக்குப் பிடித்துப்போனது. நீரைத் தக்கவைப்பதில் அதன் பங்கு சிறியதுதான். ஆனால் அதிலுள்ள குளுட்டமேட் என்னும் சுவைப்பொருள், இறைச்சியில் இயல்பாகவே உள்ள இனோசினேட் என்னும் இன்னொரு சுவைப்பொருளோடு சேரும்போது இரண்டின் சுவையும் பல மடங்கு எழுந்து தெரியும். ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் செய்வதும் இதே வேலைதான். இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் வான்கோழி வட்டில் "வெறும் வாய்" என்ற உணர்வு போயிற்று. காளானை வதக்காமல் பச்சையாகச் சேர்ப்பதில் பயனில்லை. அதன் நீர் அப்படியே சட்டியில் இறங்கிப் பழைய தொல்லையைத் திரும்பக் கொண்டுவரும்.

சமையல் சோடாவைப் பற்றி எனக்கு முதலில் நம்பிக்கை இருக்கவில்லை. 600 கிராம் கறிக்கு ஒன்றரை கிராம், அதாவது கால் தேக்கரண்டிக்குச் சற்று மேல், கலந்து அரை மணி நேரம் விட்டுச் சுட்டதில், சட்டியில் கசிந்த நீர் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய அளவுக்குக் குறைந்திருந்தது. கறியின் காரத்தன்மை (உறைப்பு அல்ல, அமிலத்தன்மைக்கு எதிரானது) சற்றே உயர்வதால் புரதங்கள் நீரை எளிதில் விடுவதில்லை. அதே காரணத்தால் மேற்பரப்பு பழுப்பேறுவதும் விரைவுபடுகிறது. ஒரே பொருள் இரண்டு குறைகளைத் தீர்ப்பது அரிது. அளவை மீறினால் சோப்புச் சுவை வந்துவிடும் என்பதால் இதைக் கண்ணளவில் போடாமல் நிறுத்துப் போடுவது நல்லது. ஜெலட்டின் தூளையும் சேர்த்துப் பார்த்தேன். கடையில் வாங்கும் கொழுப்புக் குறைந்த கறியில் அது உதட்டில் ஒட்டும் சாற்றுத்தன்மையைத் தந்தது, தோலோடு அரைத்த தொடைக்கறியில் சேர்த்ததும் சேர்க்காததும் ஒன்றுபோலவே இருந்தன. கொழுப்புக் குறைந்த கறிதான் கையிலிருக்கிறது என்றால், உறைந்த வெண்ணெயை 25 கிராம் அளவுக்குத் துருவிக் கலப்பது ஜெலட்டினைவிடச் சிறந்த வழி.

உப்பைச் சேர்க்கும் நேரத்தில் இரண்டு இறைச்சிகளின் முறையும் எதிரெதிரானது. மாட்டிறைச்சியில் உப்பை உள்ளே கலந்து பிசைந்தால் மையோசின் என்னும் புரதம் கரைந்து, பர்கரின் தளர்ந்த பதம் போய்ச் சாஸேஜ்போல் இழுவைப் பதம் வரும். அதனால் சட்டியில் இடும் முன் மேலே மட்டும் தூவுவார்கள். வான்கோழிக்கோ இந்தப் பிணைப்பு ஓரளவு தேவைப்படுகிறது. அது இல்லாவிட்டால் வட்டு திருப்பும்போதே உடையும், நீரும் நிற்காது. ஆகவே 600 கிராமுக்கு ஐந்து கிராம் உப்பை உள்ளே கலந்து, கை விரல்களை விரித்து வைத்து, எல்லாம் ஒன்றுசேரும் வரை மட்டும் கிளறி நிறுத்தினேன். பிசைவதைத் தொடர்ந்தால் ரப்பர்போல் ஆகிவிடும். உப்பு போதுமா என்று பச்சைக் கலவையை நாக்கில் வைத்துப் பார்ப்பது கூடாது. ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்துத் தட்டிச் சட்டியில் சுட்டுச் சுவைத்துவிட்டு, பிறகு மீதிக் கலவையைத் திருத்துவதே முறை.

வட்டுகளைத் தலா 150 கிராம் எடையில், இரண்டு சென்டிமீட்டர் கனத்தில், பன்னைவிடச் சற்றே அகலமாகத் தட்டினேன். கலவை கையில் ஒட்டும். உள்ளங்கையை நீரில் நனைத்துக்கொண்டு, சதுரமாக வெட்டிய எண்ணெய்த்தாளின் மேல் வைத்துத் தட்டி, தாளோடேயே குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்தால் இறுகிவிடும். பின்பு தாளோடு தூக்கிச் சட்டியில் கவிழ்த்துவிட்டுத் தாளை உரித்துக்கொள்ளலாம். நடுவில் பெருவிரலால் ஒரு குழி அழுத்திவிட்டால் வேகும்போது உப்பாது.

சட்டி வார்ப்பிரும்பாக இருப்பது நல்லது. இங்கே கொழுப்பு தானாக உருகி வரும் என்று காத்திருக்க முடியாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, அது மெல்ல நெளியத் தொடங்கும்போது வட்டை இட வேண்டும். தீ நடுத்தரமாகவே இருக்கட்டும். மாட்டிறைச்சிக்கு வைப்பதுபோல் உச்சத் தீ வைத்தால், உள்ளே 74 டிகிரி வருவதற்குள் வெளிப்புறம் கருகும். முதல் பக்கத்தை ஐந்து நிமிடம் தொடாமல் விட்டேன். ஓரம் பழுப்பாகி, வட்டைத் திருப்பியால் நெம்பினால் சட்டியை விட்டுத் தானாக நழுவும் நிலையே திருப்புவதற்கான அடையாளம், கடிகாரத்தைவிட இதை நம்பலாம். மேற்பரப்பில் மயோனைஸை மிக மெல்லியதாகப் பூசியிருந்த வட்டுகள், அதிலுள்ள முட்டையாலும் எண்ணெயாலும், மற்றவற்றைவிடச் சீராகப் பொன்னிறமேறின. திருப்பிய பின் மேலும் நான்கைந்து நிமிடம் ஆகும்.

வெந்ததா என்பதை நிறத்தைக் கொண்டு முடிவு செய்வது இரண்டு இறைச்சிக்குமே தவறு. மாட்டிறைச்சி பாதுகாப்பான வெப்பத்தை எட்டும் முன்பே சில வேளை உள்ளே பழுப்பாகிவிடும். வான்கோழியோ 74 டிகிரியைத் தாண்டிய பிறகும் சில வேளை இளஞ்சிவப்பு மாறாமல் நிற்கும், சோடா சேர்த்த கலவையில் இது இன்னும் மிகுதி. அந்த நிறத்தைப் பார்த்து அஞ்சி இன்னும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று நீட்டிக்கொண்டே போவதுதான் வான்கோழி பர்கருக்கு உலர்ந்த பண்டம் என்ற பெயரை வாங்கித் தந்தது என்று நினைக்கிறேன். உடனடி அளவு காட்டும் வெப்பமானியின் ஊசியை மேலிருந்து குத்தாமல், பக்கவாட்டிலிருந்து நடுப்பகுதிக்குச் செலுத்தினால் சரியான அளவு கிடைக்கும். 72 டிகிரியில் இறக்கித் தட்டில் வைத்தபோது, உள்ளே தேங்கிய சூட்டில் இரண்டு மூன்று நிமிடத்தில் 74 ஆயிற்று. ஆயிற்றா என்று மறுமுறை அளந்து பார்த்துவிட்டே பரிமாற வேண்டும். 80 டிகிரி வரை விட்ட வட்டும் 74-இல் நின்ற வட்டும் ஒரே கலவையில் செய்தவை என்று சொன்னால் நம்புவது கடினம். இந்த முயற்சி முழுவதிலும் செலவிட்ட பணத்திற்கு மிகுந்த பலன் தந்த கருவி இந்த வெப்பமானிதான்.

மெல்லியதாக நசுக்கிச் சுடும் முறையையும் பார்த்தேன். 75 கிராம் உருண்டையைச் சூடான சட்டியில் இட்டு, எண்ணெய்த்தாளை மேலே வைத்து அழுத்தினால், இரண்டே நிமிடத்தில் மொறுமொறுப்பான ஓரம் வந்துவிடுகிறது. நீரைத் தக்கவைக்கும் கவலையே இதில் இல்லை, ஏனெனில் சுவை முழுவதும் பழுப்பேறிய மேற்பரப்பிலேயே இருக்கிறது. இரண்டு வட்டுகளுக்கு நடுவே சீஸை வைத்து அடுக்கினால் அவசரத்திற்கு மிக நன்றாக இருக்கும். கனமான வட்டைக் கடிக்கும் நிறைவு மட்டும் இதில் கிடைக்காது.

மேலே வைப்பவற்றிலும் மாற்றம் தேவைப்பட்டது. காரமான கடுகு சாஸ், பச்சை வெங்காயம், ஊறவைத்த வெள்ளரி ஆகியவை மாட்டிறைச்சியின் அழுத்தமான சுவையோடு மல்லுக்கட்டி நிற்பவை. வான்கோழியின் மேல் வைத்தால் அவை மட்டுமே தெரிகின்றன. நிதானமாக வதக்கிப் பழுப்பாக்கிய வெங்காயம், நன்கு உருகும் சுவிஸ் வகைச் சீஸ், அவகாடோ போன்ற கொழுப்புள்ள, மென்மையான துணைகள் இதற்குப் பொருந்துகின்றன. பன்னை வெண்ணெயில் வாட்டுவதை விட்டுவிடக் கூடாது. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: தோலோடு அரைத்த கறி, வெண்ணெய், சீஸ், மயோனைஸ் என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனால், தொடக்கத்தில் சொன்ன 100 கலோரி வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். உடல் எடைக்காக மட்டுமே மாறுகிறவர் காளானும் பிரெட்டும் சேர்த்த, கொழுப்புக் குறைந்த கலவையோடு நிறுத்திக்கொள்ளலாம். சுவை ஓரிரு படி இறங்கும், ஆனால் உண்ணத்தக்கதாகவே இருக்கும்.

எல்லாம் சரியாக அமைந்த வட்டையும் மாட்டிறைச்சி வட்டையும் கண்ணை மூடிக்கொண்டு சுவைக்கச் சொன்னபோது, சுவைத்த ஒவ்வொருவரும் எது எது என்று முதல் கடியிலேயே சொல்லிவிட்டார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மாட்டிறைச்சியின் தனி மணத்திற்குக் காரணமான பொருள்களில் ஒன்றான மெத்தில்டிரைடெக்கனால், அசைபோடும் விலங்கின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களின் வழியாக அதன் கொழுப்பில் சேர்வது. பறவையில் அதற்கு இடமில்லை. வான்கோழியின் மணமோ லினோலிக் அமிலம் போன்ற நிறைவுறாக் கொழுப்புகள் சூட்டில் சிதைவதால் எழுவது. சோயா சாஸும் காளானும் சுவையின் அடர்த்தியைக் கூட்டும், மணத்தை மாற்றாது. எது மீண்டும் வேண்டும் என்று கேட்டபோது மட்டும் விடைகள் பிரிந்தன. மாட்டிறைச்சி பர்கரின் மேல் ஏக்கம் வந்திருக்கும் வேளையில் வான்கோழியைக் கொடுத்தால் அது ஏமாற்றமாகவே முடியும் என்பதும், அந்த ஏக்கம் இல்லாத வேளையில் இதையே நான் விரும்பி எடுப்பேன் என்பதும் என் நிலை.

மீந்த வட்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்த நிறைவுறாக் கொழுப்புகளே வெந்த வான்கோழியை விரைவில் சிக்கு வாடைக்குக் கொண்டுசெல்கின்றன. மறுநாள் சூடுபடுத்தினால் அட்டைபோன்ற பழைய நெடி தெரியும், மாட்டிறைச்சியில் அது அவ்வளவு முனைப்பாகத் தெரிவதில்லை. எனவே வேண்டிய அளவுக்கு மட்டுமே சுட்டு, மீதியைப் பச்சையாகவே இடையிடையே தாள் வைத்து அடுக்கி, காற்றுப் புகாதபடி மூடி உறையவைப்பது நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் பச்சை அரைத்த கறி ஓரிரு நாள் மட்டுமே தாங்கும். உறைபெட்டியில் மூன்று நான்கு மாதம் வரை பதம் கெடாமல் இருக்கும். உறைந்த வட்டை முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளகவிட்டு, மேற்பரப்பின் ஈரத்தைத் தாளால் ஒற்றியெடுத்த பிறகு சட்டியில் இட்டால், அன்று செய்ததற்கு ஏறக்குறைய நிகராகவே வருகிறது.